குடலும் குடித்தனக்காரர்களும்: கேள்வி பதில்

குடல் திசுவை மெழுகில் பதித்து, மெலிதாகச் சீவி, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் 12 வருடமாக என் பிழைப்பு. குடலில் வாழும் நுண்ணுயிர்களும் நம் உடம்பும் எப்படி ஒத்துப்போகின்றன என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். ஒன்று முன்கூட்டியே: நான் நோயாளிகளைப் பார்க்கிற டாக்டர் இல்லை. "எனக்கு என்ன மாத்திரை" என்று கேட்டவர்கள் மன்னிக்கவும்.

கணக்குப்பிள்ளை: மேடம், நம்ம செல்களை விட பாக்டீரியா பத்து மடங்கு அதிகம்னு எல்லா வீடியோவிலும் சொல்றாங்களே, நிஜமா?

பழைய கணக்கு அது, யாரோ குத்துமதிப்பாகப் போட்டது, பல வருடம் யாரும் சரிபார்க்கவில்லை. 2016-ல் இஸ்ரேல் விஞ்ஞானி ரான் மிலோவின் குழு உட்கார்ந்து மறுபடி எண்ணியது. 70 கிலோ எடையுள்ள ஒரு ஆணுக்கு மனித செல்கள் சுமார் 30 லட்சம் கோடி, பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி. கிட்டத்தட்ட சரிக்குச் சரி. ஒருமுறை டாய்லெட் போய்விட்டு வந்தால் பெரும்பான்மை நம் பக்கம் சாய்ந்துவிடலாம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். மொத்த எடையும் ஒன்றரை, இரண்டு கிலோ எல்லாம் கிடையாது, 200 கிராம்தான். அதில் மிகப் பெரும்பகுதி பெருங்குடலில்.

தென்றல்: ஒரு சின்ன முள் குத்தினாலே அந்த இடம் வீங்கிச் சீழ் பிடிக்குது. இத்தனை கிருமி வயிற்றில் இருந்தும் உடம்பு ஏன் சும்மா இருக்கு?

நான் தினமும் கண்ணால் பார்க்கிற விஷயம் இது, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பெருங்குடலில் ஒரு கிராம் மலத்தில் சுமார் 10,000 கோடி பாக்டீரியா. அவற்றுக்கும் உங்கள் ரத்தத்துக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு வரிசை செல்கள். அந்த வரிசையும் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் உதிர்ந்து புதிதாக முளைத்துவிடுகிறது. இவ்வளவு மெல்லிய சுவரை வைத்துக்கொண்டு தினமும் சண்டை போட்டால் கட்டுப்படியாகாது. ஆகவே உடம்பு பெரும்பாலும் தள்ளி நிறுத்தியே காரியத்தை முடித்துக்கொள்கிறது.

தள்ளி நிறுத்துவது சளி. மூக்கில் வருவதற்குச் சொந்தக்காரன்தான். குடல் சுவரில் ஒயின் கிளாஸ் வடிவத்தில் சில செல்கள் இருக்கின்றன. அவை மியூசின்-2 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. வெளியே வந்ததும் அது தண்ணீரை உறிஞ்சி, பல மடங்கு ஊதி, வழுவழுவென்று படலமாகிவிடும். பெருங்குடலில் இதற்கு இரண்டு அடுக்கு. வெளி அடுக்கு தளர்வானது, பாக்டீரியா அதில் தாராளமாகக் குடியிருக்கும். உள் அடுக்கு நெருக்கிப் பின்னிய வலை மாதிரி. ஆரோக்கியமான குடலில் அதற்குள் பாக்டீரியாவே இருக்காது. எலியில் அந்த அடுக்கின் கனம் 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் 20-ல் ஒரு பங்கு. நம்முடையது அதைவிடத் தடிமன்.

இதில் எனக்கு ஒரு அனுபவம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு எலியின் பெருங்குடலை அலசி, வழக்கம்போல ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் தண்ணீர்க் கரைசல்) போட்டு ஸ்லைடு செய்தேன். மிச்சமிருந்த பாக்டீரியா எல்லாம் சுவரை ஒட்டிக் கிடந்தது. பெரிய நோயைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி ஓடிப்போய்க் காட்டினேன். சீனியர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தண்ணி பட்டா சளி சுருங்கிப் போயிரும்மா. அலசாம, உள்ளே இருக்கிறதோட சேர்த்து கார்னாய்ல போடு" என்றார். கார்னாய் என்பது ஆல்கஹால், குளோரோஃபார்ம், அசிட்டிக் அமிலம் சேர்ந்த கலவை, தண்ணீர் கிடையாது. மறுநாள் அதே மாதிரி செய்து, நீலச் சாயம் ஏற்றிப் பார்த்தால், மலத்துக்கும் சுவருக்கும் நடுவே வரப்பு கட்டினது போல ஒரு நீலக் கோடு. அதற்கு அந்தப் பக்கம் கூட்டம், இந்தப் பக்கம் ஒன்றுகூட இல்லை. இந்த உள் அடுக்கில் கிருமி கிடையாது என்பதையே ஸ்வீடனின் கோதன்பர்க்கில் ஹான்சன் குழு 2008-ல்தான் தெளிவாகக் காட்டியது. அதுவரை எங்கள் துறையில் பலரும் அலசி அலசிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

மியூசின்-2 மரபணுவை எடுத்துவிட்ட எலிகளுக்குப் பெருங்குடல் தானாகவே புண்ணாகிறது. வேறு எதுவும் செய்ய வேண்டாம், வரப்பு போனால் போதும்.

தென்றல்: சிறுகுடலிலும் இதே ஏற்பாடுதானா?

இல்லை. சிறுகுடலின் வேலை சத்தை உறிஞ்சுவது. தடிமனான சளி போட்டால் சாப்பாடு உள்ளே போகாது. ஆகவே அங்கே ஒரே அடுக்கு, அதுவும் இடைவெளி விட்டு. குறையை மருந்தடித்துச் சரிக்கட்டுகிறது. சுவரின் குழிகளுக்கு அடியில் பானெத் செல்கள் என்று ஒரு வகை உட்கார்ந்து கிருமிகொல்லிப் புரதங்களைச் சுரந்துகொண்டே இருக்கும். கூடவே ஐ.ஜி.ஏ. என்ற ஆன்டிபாடி. நாள் ஒன்றுக்குச் சில கிராம் ஐ.ஜி.ஏ. குடலுக்குள் கொட்டுகிறது, உடம்பு தயாரிக்கும் ஆன்டிபாடிகளிலேயே இதுதான் அதிகம். இது கிருமியைக் கொல்லாது. பாக்டீரியாவைக் கட்டுக் கட்டாகப் பிணைத்து, சுவரில் ஏறவிடாமல் மலத்தோடு அனுப்பிவிடும்.

இரவுப்பணி: நார்ச்சத்து சாப்பிடு, சாப்பிடுன்னு உயிரை எடுக்கிறாங்க. செரிக்காத ஒண்ணைத் தின்னு என்ன லாபம்?

நமக்குச் செரிக்காது, அவற்றுக்குச் செரிக்கும். சிக்கலான மாவுப்பொருளை உடைக்க நம் மரபணுக்களில் இருக்கும் நொதிகள் 20-க்கும் குறைவு. குடலில் சாதாரணமாக வாழும் ஒரு பாக்டீரியாவிடம் மட்டும் 200-க்கும் மேல். அந்த நாரை அவை புளிக்கவைக்கும்போது அசிடேட், ப்ரொப்பியோனேட், பியூட்டிரேட் என்ற குட்டிக் கொழுப்பு அமிலங்கள் கிடைக்கின்றன.

பியூட்டிரேட்டைக் கவனியுங்கள். உடம்பின் மற்ற செல்கள் சர்க்கரையையோ ரத்தத்தில் வரும் கொழுப்பையோ எரித்து வாழும்போது, பெருங்குடல் சுவரின் செல்கள் தங்களுக்கு வேண்டிய சக்தியில் சுமார் 70 சதவீதத்தை பியூட்டிரேட்டிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. அதாவது ரத்தம் கொண்டுவருவதை விட, எதிர்ப்பக்கத்திலிருந்து குடித்தனக்காரர்கள் கொடுப்பதை நம்பித்தான் அந்தச் சுவர் நிற்கிறது.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த கட்டம். பியூட்டிரேட்டை எரிக்க ஆக்சிஜன் நிறைய வேண்டும். சுவர் செல்கள் ரத்தத்திலிருந்து வரும் ஆக்சிஜனை அங்கேயே உறிஞ்சித் தீர்த்துவிடுவதால், குடலின் உள்ளே கசிவது ரொம்பக் கொஞ்சம். பியூட்டிரேட் தயாரிக்கும் பாக்டீரியாக்களுக்கோ ஆக்சிஜன் என்றாலே விஷம். ஆக, அவை சாப்பாடு போடுகின்றன. சுவர் அதைச் சாப்பிட்டு, அவை வாழத் தோதான காற்றில்லாத இடத்தை வைத்துக்கொடுக்கிறது. ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும்.

நின்றால் என்ன ஆகும்? எலிகளில் பார்த்திருக்கிறார்கள். ஆன்டிபயாடிக் கொடுத்து பியூட்டிரேட் கூட்டத்தைக் குறைத்தால், சுவர் செல்கள் வேறு வழியில்லாமல் சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமல் எரிக்கும் முறைக்கு மாறுகின்றன. செலவாகாத ஆக்சிஜன் உள்ளே கசிகிறது. ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிழைக்கத் தெரிந்த ஈ. கோலை, சால்மோனெல்லா குடும்பத்துக்கு அன்றைக்குத் திருவிழா. மல ஆய்வில் அந்தக் குடும்பம் தலைதூக்கி இருந்தால் "கெட்ட கிருமி படையெடுத்துவிட்டது" என்று சொல்லிவிடுகிறோம். பல நேரம் வீட்டின் காற்று மாறியதுதான் முதலில் நடந்திருக்கிறது.

இரவுப்பணி: சரி, நாரே சாப்பிடலைன்னா அதுங்க பட்டினியா செத்துப் போகுமா?

எல்லாம் சாகாது. சில வேறு சாப்பாடு தேடும். சளியே சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனதுதானே! 2016-ல் மிச்சிகனில் எரிக் மார்ட்டென்ஸ் குழு, மனிதக் குடலின் 14 வகைப் பாக்டீரியாவை மட்டும் எலிகளில் குடியேற்றி, நாரில்லாத தீனி கொடுத்தது. சளி தின்னும் வகைகள் பெருகின, வரப்பு மெலிந்தது, அதன் பிறகு கொடுத்த ஒரு நோய்க்கிருமி சுலபமாகச் சுவரை எட்டியது. எலி சோதனைதான், நமக்கு அப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை அலட்சியம் செய்யாமலிருக்க எனக்கு இது போதும்.

சளி தின்பதெல்லாம் கெட்டது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அக்கர்மேன்ஸியா என்ற ஒன்று சளியைத் தின்றே வாழ்கிறது, ஆரோக்கியமானவர்களிடம் சகஜமாக இருக்கிறது. அளவோடு மேய்ந்தால் சுவர் புதிதாகச் சுரக்கும்.

பெயர் வேண்டாம்: ஃபைபர் சேர்த்ததிலிருந்து கேஸ் தாங்க முடியலை. ஆபீஸ்ல மானம் போகுது.

புளித்தால் வாயு வரத்தான் செய்யும். ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலருக்கு மீத்தேன். இவற்றுக்கு வாசனையே கிடையாது. மானத்தை வாங்குவது மிகச் சிறிதளவு கந்தக வாயு. ஒரே நாளில் இரட்டிப்பாக்காமல் சில வாரங்களில் மெல்லக் கூட்டுங்கள், தண்ணீரையும் கூட்டுங்கள். ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து தடவை பிரிவது சாதாரணம்.

வாசுகி: ஆன்டிபயாடிக் ஆரம்பிச்ச ரெண்டாம் நாளே வயிறு போகுது. கூட ப்ரோபயாடிக் மாத்திரை போட்டால் நல்லதா?

வயிறு போவதற்குக் காரணம் மேலே சொன்ன கதைதான்: புளிக்கவைக்க ஆள் குறைந்துவிட்டதால் செரிக்காத மாவுப்பொருள் தண்ணீரை இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. பெரும்பாலும் மருந்து முடிந்ததும் சரியாகும். நீங்களாகப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

ப்ரோபயாடிக், அதாவது உயிருள்ள நல்ல பாக்டீரியா அடங்கிய மாத்திரை, விஷயத்தில் பதில் இரண்டு பக்கமும் போகிறது. ஆன்டிபயாடிக்கோடு வரும் பேதியைக் குழந்தைகளிடம் சில வகைகள் குறைக்கின்றன. பல சோதனைகளில் பார்த்தது. ஆனால் 2018-ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் செய்த சோதனையில், ஆன்டிபயாடிக் முடித்தபின் 11 வகை கலந்த ப்ரோபயாடிக் சாப்பிட்டவர்களுக்குச் சொந்தப் பாக்டீரியா திரும்பி வரத் தாமதமானது. எதுவும் சாப்பிடாமல் விட்டவர்களுக்குச் சீக்கிரம் திரும்பியது. காலி வீட்டில் புதிதாக வந்தவர் பாயை விரித்துவிட்டால் பழைய ஆள் எங்கே உட்காருவார்? பேதி தொந்தரவு அதிகமென்றால் டாக்டரிடம் கேட்டுப் போடலாம். "உடம்புக்கு நல்லதுதானே" என்று மாதக்கணக்கில் போட நான் காரணம் பார்க்கவில்லை. தயிர் சாப்பிடுகிறவர்கள் சாப்பிடுங்கள், அது வேறு விஷயம்.

ஆன்டிபயாடிக் போட்டு சில வாரம் கழித்தும் தண்ணியாக, பலமுறை, காய்ச்சலோடு போனால் மட்டும் காத்திருக்கக் கூடாது. சி. டிஃபிசில் என்ற கிருமியாக இருக்கலாம்.

மழைத்துளி: அந்தக் கிருமிக்குத்தான் இன்னொருத்தர் மலத்தை வைக்கிறாங்களா? படிச்சதும் சாப்பாடே இறங்கலை.

மூக்கைப் பிடித்துக்கொண்டாவது படியுங்கள், நவீன மருத்துவத்தின் நல்ல கதைகளில் ஒன்று. 1958-ல் அமெரிக்காவின் டென்வரில் ஐஸ்மன் என்ற அறுவை மருத்துவர், சாகும் நிலையில் இருந்த நான்கு நோயாளிகளுக்கு இதைச் செய்து எழுதிவைத்தார். ரொம்ப நாள் யாரும் சீந்தவில்லை. 2013-ல் நெதர்லாந்தில் முறையான சோதனை நடந்தது. திரும்பத் திரும்ப வரும் சி. டிஃபிசிலுக்கு, வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்த 13 பேரில் 4 பேர் குணமானார்கள். ஆரோக்கியமானவரின் மலக் கரைசலை மூக்குக் குழாய் வழியாகச் சிறுகுடலில் விட்ட 16 பேரில் 13 பேர் முதல் தடவையிலேயே குணம். வித்தியாசம் இவ்வளவு இருந்ததால் சோதனையை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள்.

ஏன் வேலை செய்கிறது என்பதில் பித்தநீருக்குப் பங்கு இருக்கிறது. கல்லீரல் அனுப்பும் பித்த அமிலம் இந்தக் கிருமியின் ஸ்போர்களை (உறங்கும் விதை மாதிரி) முளைக்கத் தூண்டுகிறது. குடலில் உள்ள சில பாக்டீரியாக்கள் அதே அமிலத்தை வேறு வடிவமாக மாற்றுகின்றன. மாறிய வடிவம் கிருமியை வளரவிடாமல் அமுக்குகிறது. ஆன்டிபயாடிக்கில் அந்தச் சிலர் செத்துப்போனால் கிருமிக்குக் கொண்டாட்டம். அவர்களைத் திரும்பக் குடிவைப்பதுதான் இந்தச் சிகிச்சை.

வீட்டில் யாரும் முயற்சி செய்யாதீர்கள். 2019-ல், சரியாகச் சோதிக்காத கொடையாளியின் மலத்திலிருந்த மருந்துக்கு அடங்காத ஈ. கோலையால் ஒரு நோயாளி இறந்ததாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. 2022, 2023-ல் அங்கே அனுமதி பெற்ற தயாரிப்புகளும் சி. டிஃபிசில் திரும்ப வராமல் தடுக்க மட்டும்தான். எடை குறைய, மனசு தெளிய என்று விற்பவர்களை நம்ப வேண்டாம்.

நீலா: எனக்கு கிரோன்ஸ் நோய் (குடலில் நாள்பட்ட அழற்சி). என் பாக்டீரியா கெட்டுப்போனதுதான் காரணமா? நான் சாப்பிட்டதில் ஏதாவது தப்பா அக்கா?

முதலில் இரண்டாவது கேள்விக்கு: தப்பு உங்கள் மேல் இல்லைம்மா.

பாக்டீரியாவுக்குப் பங்கு உண்டு. மரபணு மாற்றத்தால் குடல் அழற்சி வரும்படி வளர்த்த எலிகளையே கிருமியில்லாத அறையில் வளர்த்தால் பல வகைகளுக்கு அழற்சி வருவதில்லை. ஆனால் பாக்டீரியா மட்டுமே காரணமும் இல்லை. 2001-ல் கண்டுபிடித்த நாட்-2 என்ற மரபணுவின் மாற்றங்கள் கிரோன்ஸ் அபாயத்தைக் கூட்டுகின்றன. அந்த மரபணுவின் வேலையே பாக்டீரியாவின் சுவர்த் துண்டுகளை அடையாளம் காண்பது. அதாவது கோளாறு இரண்டு பேருக்கும் நடுவிலான பேச்சுவார்த்தையில்.

சாதாரணக் குடலில் "விடுப்பா, நம்ம ஆள்தான்" என்று மற்ற படைவீரர்களை அடக்கிவைக்கும் ஒரு வகை டி செல்கள் உண்டு. ஜப்பானில் கென்யா ஹோண்டா குழு, க்ளாஸ்ட்ரிடியா வகைகளில் 17-ஐப் பொறுக்கியெடுத்து எலிக்குக் கொடுத்தபோது இந்தச் சமாதானக்கார செல்கள் கூடின. நாம் பேசிய பியூட்டிரேட்டும் அவற்றைக் கூட்டுகிறது. கிரோன்ஸ் உள்ளவர்களிடம் பியூட்டிரேட் தயாரிக்கும் சில வகைகள் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. குறைந்ததால் நோயா, நோயால் குறைந்ததா என்பது இன்னும் இழுபறி. இதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள். நோய் தீவிரமாக இருக்கும்போது, குறிப்பாகக் குடல் சுருங்கியிருந்தால், நாரைக் கூட்டுவது ஆபத்து. உங்கள் டாக்டர் சொல்கிற உணவே உங்களுக்குக் கணக்கு.

குமரன்: லீக்கி கட் (கசியும் குடல்) டெஸ்ட், மல மைக்ரோபயோம் டெஸ்ட் எடுக்கலாமா?

வேண்டாம். சீலியாக் (கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத நோய்), கிரோன்ஸ் போன்ற நோய்களில் சுவரின் கசிவு கூடுவது உண்மை. "லீக்கி கட்" என்று தனியாக ஒரு நோய் கிடையாது. மல டெஸ்ட் உங்களிடம் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியலைத் தரும். அதை வைத்து என்ன செய்வது என்று சொல்லாது. ஒரே மலத்தை இரண்டு இடத்துக்கு அனுப்பினால் பட்டியலே வேறு வேறாக வரலாம்.

புது அம்மா: சிசேரியன்ல பிறந்த குழந்தைக்கு நல்ல பாக்டீரியா கிடைக்காதுன்னு சொந்தக்காரங்க சொல்லிச் சொல்லியே அழ வைக்கிறாங்க.

அழாதீர்கள். முதல் மாதங்களில் வித்தியாசம் இருக்கும், குறிப்பாக பாக்டீராய்ட்ஸ் என்ற வகை குறைவாக இருக்கும். ஒரு வயதுக்குள் அதில் பெரும்பகுதி மறைந்துவிடுகிறது. பெரியவர்களைப் போன்ற கூட்டம் சேர எப்படியும் மூன்று வயதாகும்.

தாய்ப்பாலில் ஒரு அதிசயம் உண்டு. அதில் லாக்டோஸ், கொழுப்புக்கு அடுத்தபடியாக நிறைய இருக்கும் திடப்பொருள் ஒரு வகைச் சர்க்கரைச் சங்கிலி. அதைச் செரிக்கும் நொதி குழந்தையிடம் கிடையாது. அது குழந்தைக்கு என்று வைத்த சாப்பாடே அல்ல, குழந்தையின் பிஃபிடோபாக்டீரியாவுக்கு. பால் கொடுக்க முடிந்தவர்கள் கொடுங்கள். முடியாதவர்கள் இதையும் ஒரு குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

செல்வி: அப்பாவுக்கு நடுக்கு நோய் (பார்க்கின்சன்) மாத்திரை. சில நாள் வேலை செய்யுது, சில நாள் இல்லை. பாக்டீரியா மாத்திரையைத் தின்னுமா?

தின்னும். நீங்கள் சொல்வது லெவோடோப்பாவாக இருந்தால், என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற பாக்டீரியா அதை மூளைக்குப் போகும் முன்பே குடலில் டோப்பமைனாக (மூளைக்குள் போய்த்தான் அப்படி மாற வேண்டும்) மாற்றிவிடுவதை 2019-ல் காட்டியிருக்கிறார்கள். கூடச் சேர்த்துத் தரும் கார்பிடோப்பா நம் நொதியைத் தடுக்கும், பாக்டீரியாவினுடையதை அவ்வளவாகத் தடுக்காது. இதயத்துக்குத் தரும் டிகாக்ஸினையும் சிலரிடம் ஒரு பாக்டீரியா செயலிழக்கச் செய்கிறது. மறுபக்கமும் உண்டு: பெருங்குடல் புண்ணுக்குத் தரும் சல்ஃபாசலசின், பாக்டீரியா வெட்டினால்தான் மருந்தாகவே மாறும்.

அப்பாவுக்கு இதுதான் காரணம் என்று சொல்லவில்லை. மாத்திரை எடுக்கும் நேரம், கூடச் சாப்பிடும் புரதம், மலச்சிக்கல் எல்லாமே காரணமாகலாம். எந்த நாள், எத்தனை மணி, என்ன சாப்பாடு என்று இரண்டு வாரம் எழுதி நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள்.

தென்றல்: திரும்பவும் நான்தான். செரட்டோனின் 90 சதவீதம் குடலில்தான் சுரக்குது, அதனால் குடல் நல்லா இருந்தால் மனசும் நல்லா இருக்கும்ங்கிறாங்களே?

முதல் பாதி சரி. ஆனால் குடலின் செரட்டோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. அதன் முக்கிய வேலை குடலை அசைத்துத் தள்ளுவது. சில பாக்டீரியாக்கள் அந்தச் சுரப்பைத் தூண்டுவதை எலைன் ஷாவ் குழு 2015-ல் எலிகளில் காட்டியது. குடலுக்கும் மூளைக்கும் நரம்பு வழியாகப் பேச்சு உண்டு. அதை வைத்து மனச்சோர்வுக்கு மாத்திரை விற்கும் அளவுக்கு விஷயம் இன்னும் வரவில்லை.

ராகவன்: எதைக் கண்டால் உடனே டாக்டரிடம் ஓடணும்?

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, 50 வயதுக்கு மேல் திடீரென்று மாறிய மலம் கழிக்கும் பழக்கம். இவற்றில் எது இருந்தாலும் பாக்டீரியாவைப் பற்றிப் படித்துக்கொண்டு உட்காராதீர்கள்.

யாழினியின் அம்மா: ஒன்பது வயசு மகள் கேட்கச் சொன்னாள். கக்கா முழுக்க பாக்டீரியாவா? ஏன் அது பிரவுன் கலர்?

யாழினிக்கு: முக்கால்வாசி தண்ணீர். தண்ணீர் போக மிச்சத்தில் கால் பங்கிலிருந்து பாதி வரை பாக்டீரியா, உயிரோடும் செத்தும். மீதி நீ சாப்பிட்டதில் செரிக்காதது.

கலர் எப்படி வருதுன்னா, பழைய ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, அதில் கிடைக்கும் மஞ்சள் பொருளைக் கல்லீரல் பித்தத்தோடு குடலுக்கு அனுப்பும். பாக்டீரியா அதை மாற்றிய பிறகுதான் அந்தப் பழுப்பு நிறம் வரும். அதற்கான பாக்டீரியா நொதியை 2024-ல்தான் கண்டுபிடித்தார்கள், நீ பிறந்த பிறகு! சில நாள் பச்சையாகப் போனால் பயப்படாதே. குடல் அவசரமாகத் தள்ளிவிட்டது, நிறம் மாற்ற நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.